திரும்பி வராத சட்டை

மேட்டுக்கடவில் தூக்கியெறிந்த துணிகள் வீடு திரும்பத் தொடங்கியது ஒரு சந்தை நாளில் என்பதால், கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்த முதல் நைலான் கவுனை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. தக்காளிக் கூடைகளுக்கும் கருவாட்டுக் கடைக்கும் நடுவில், இடுப்பளவு உயரத்தில், ரோஸ் நிறத்தில் ஒன்று சொட்டச் சொட்ட நனைந்து போகிறதைக் கண்டவர்கள், யார் வீட்டுப் பிள்ளையோ ஆற்றில் ஆடிவிட்டுப் போகிறது என்று நினைத்துக்கொண்டு பேரத்தைத் தொடர்ந்தார்கள். கவுனுக்குள் பிள்ளை இல்லை என்பதை முதலில் கண்டவள் தபாலாபீஸ் வீதி சுந்தராம்பாள். அவள் கதவைத் திறந்தபோது, மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு எடுத்து, அடுத்த வருசமே சின்னதாகிவிட்டதென்று ஆற்றில் விட்ட கவுன், உப்பிய வெற்றுக் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் நின்றது. மகள் இப்போது கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். சுந்தராம்பாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வந்தது வந்துட்டே, காலைக் கழுவிட்டு உள்ள வா" என்றாள். கவுனுக்குக் கால் இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அதற்கப்புறம் ஆற்றிலிருந்தும், குப்பைமேட்டிலிருந்தும், தூர்ந்த கிணறுகளிலிருந்தும், சாக்கடை அடைத்த இடங்களிலிருந்தும் அவை வந்துகொண்டே இருந்தன. நைலக்ஸ் புடவைகள், டெரிலின் சட்டைகள், பள்ளிக்கூடச் சீருடைகள், ஒரே ஒரு முறை உடுத்திய நிச்சயதார்த்தப் புடவைகள், கும்பாபிஷேகத்துக்கு ஊரே சேர்ந்து எடுத்த மஞ்சள் டீசர்ட்டுகள், மழைக்கோட்டுகள் எல்லாம் காற்றடைத்ததுபோல உப்பிக்கொண்டு, உடுத்தியவர்களின் உடம்பை மறக்காமல், தொப்பை இருந்தவரின் சட்டை தொப்பையோடும், கூனியவரின் சட்டை கூனியும் வந்தன. அவை பேசவில்லை, யாரையும் தொடவில்லை, எதையும் கேட்கவில்லை. தம்மைக் கடைசியாக உடுத்தியவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். உள்ளே விட்டால் ஒரு மூலையில் உட்காரும். விடாவிட்டால் விடும்வரை நிற்கும். கொளுத்தியவர்கள் வீட்டுக்கு அதே துணி சுருங்கிக் கருகிப் பிசுபிசுத்து, ஆனால் முன்னைப் போலவே பொறுமையாக, திரும்பவும் வந்தது. புதைத்தவர்கள் வீட்டுக்கு மண்ணோடு வந்தது. லாரியில் ஏற்றிக் கடல்வரை கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தவர் வீட்டுக்குச் சிப்பி ஒட்டிக்கொண்டு வந்தது.

ஏன் இப்படி என்று கேட்டவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். ஊர்க்காரர்களுக்கு வந்ததை எங்கே உட்கார வைப்பது என்று பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. டவுன் பஸ் நடத்துனர் இரண்டு நாள் யோசித்து, உட்கார்ந்து வரும் துணிக்கு டிக்கெட், நின்று வரும் துணிக்கு லக்கேஜ் என்று முடிவு செய்தார். மாரியம்மன் கோயில் பூசாரி, ஈரத்துணியோடு சாமி கும்பிடுவது நல்லதுதான் என்றும், உள்ளே ஆள் வேண்டுமென்று எந்தச் சாஸ்திரத்திலும் சொல்லவில்லை என்றும் சொல்லி எல்லாவற்றையும் உள்ளே விட்டார். புடவை அதிகம் வந்த வீடுகளில் அவற்றை ரேஷன் கடை வரிசையில் இடம் பிடிக்க அனுப்பினார்கள். கடைக்காரரும், சீமெண்ணெய்க்கு வந்திருப்பது அண்ணியா புடவையா என்று பார்க்காமல் பேர் சொல்லிக் கூப்பிடப் பழகினார். வார்டு கவுன்சிலர் வீட்டுக்கு மூன்று கட்சிக் கரை போட்ட மூன்று பாலியஸ்டர் வேட்டிகள் ஒரே நாளில் வந்து ஒரே சோபாவில் உட்கார்ந்தபோது, அவர் மூன்றுக்கும் பொதுவாகக் காப்பி சொன்னதாக ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வந்தவற்றில் பருத்தி ஒன்றுகூட இல்லை என்பதை ஊர் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தது. மக்கிப்போகிற துணி மக்கிப்போய்விட்டது, அதனால் அதற்குத் திரும்பி வர வழியில்லை. மக்கத் தெரியாதது வேறு என்ன செய்யும், வீட்டுக்குத்தான் வரும். இது புரிந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தது கடைவீதி அருள்ஜோதியை. அந்த ஊரின் பாலியஸ்டர் முழுவதையும் வருசக்கணக்காக விற்றவன் அவன். "நீதான கொடுத்தே, நீயே வெச்சுக்க" என்று ஆளாளுக்குத் துணியைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். துணிகளோ கடை வாசல்வரை வந்துவிட்டு, மரியாதையாகத் திரும்பி அவரவர் வீட்டுக்கே நடந்தன. அருள்ஜோதி கடையைச் சாத்திவிட்டுக் காணாமல் போனான். ஈரோட்டுப் பக்கம் ஏதோ ஒரு தறிக்கூடத்திலிருந்து துணிக்கட்டுகளோடு திரும்பி வந்து, மாவு மில்லுக்கு எதிரே பழைய போட்டோ ஸ்டூடியோவில் புதுக்கடை திறந்து, மேலே ஒரு போர்டு மாட்டினான்: லினன். போனால் வராது.

முதலில் யாரும் வாங்கவில்லை. உடுத்தி உட்கார்ந்து எழுந்தால் கசங்குகிற துணியை, கஞ்சி போட்டு விறைத்த சட்டையில் வளர்ந்த ஊர் எப்படி வாங்கும்? அருள்ஜோதி வாதாடவில்லை. தானே ஒன்றைத் தைத்துப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் கடை வாசலில் நின்றான். முதுகு நனையாமல் நிற்கிறானே என்று முதலில் பஞ்சாயத்து எழுத்தர் ஒன்று எடுத்தார், அவர் பூரித்துப் போனதைப் பார்த்து வாத்தியார் ஒன்று எடுத்தார், பிறகு வரிசை கட்டினார்கள். அடுத்த சித்திரைக்குள் மேட்டுக்கடவில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வருகிறவனை, இவன் வீட்டு மூலையில் எத்தனை உட்கார்ந்திருக்கிறதோ என்று ஒரு மாதிரி பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. பெண் பார்க்கப் போனவர்கள் மாப்பிள்ளையின் சட்டைச் சுருக்கத்தைப் பார்த்து, "நல்ல குடும்பம்" என்றார்கள்.

அந்தப் போர்டைப் பார்க்கப் பிடிக்காதவள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். எதிரே மாவு மில் வைத்திருந்த கோகிலவாணி.

லினன் என்ற பேரே ஊருக்குத் தெரியாத காலத்தில் அதை ஊருக்குள் கொண்டுவந்தவள் அவள்தான். அவள் கணவன் வெள்ளியங்கிரிக்கு மில் சூட்டில் கோடைக்குக் கோடை வேர்க்குரு பொரிந்து தள்ளும். டெரிகாட்டன் சட்டையோடு கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பான், அரைக்க வந்த பெண்கள் சிரிப்பார்கள். ஒருமுறை திருப்பூர் போனவள், ஏற்றுமதிக்குப் போக மிஞ்சியதை விற்கிற கடையில் கடலைத்தோல் நிறத்தில் ஒரு துணியைத் தொட்டுப் பார்த்தாள், கை குளிர்ந்தது, வாங்கிவந்து சட்டை தைக்கக் கொடுத்தாள். முதல் நாள் போட்டுப் பார்த்த வெள்ளியங்கிரி, "ஏம் புள்ள, நாய் மென்னு துப்புன மாதிரி இருக்குது" என்றான். ஒரு வாரம் கழித்து அவனிடமிருந்து அதைக் கழற்றித் துவைப்பதே பாடாகிவிட்டது. வேர்வையை உறிஞ்சிக்கொண்டு ஒட்டாமல் நின்றது, கொடியில் போட்டால் அவன் குளித்துச் சாப்பிட்டு வருவதற்குள் காய்ந்தது, துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆனது. வேர்க்குரு போன இடம் தெரியவில்லை. "இது துணியில்ல புள்ள, நெழலு" என்றான். வேறு சட்டை போடுவதையே விட்டுவிட்டான்.

அந்தச் சட்டையோடுதான் ஒரு மழைக்காலத்தில், மில் இயந்திரத்துக்குப் புதுப் பட்டை வாங்க அக்கரைக்கு மொபெட்டில் போனான். திரும்பும்போது தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் வந்துவிட்டது. மொபெட் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

கோகிலவாணி தாலியைக் கழற்றவில்லை. கருமாதி செய்யவும் விடவில்லை. வெள்ளியங்கிரியின் தம்பி மாரப்பன் வருசத்துக்கு ஒருமுறை வந்து கேட்பான், "அவிய செத்ததை ஆரு பாத்தாங்க?" என்ற ஒரே பதிலோடு திரும்புவான். அந்தச் சாவை அவனும் பார்த்ததில்லை.

துணிகள் வரத் தொடங்கியதும் அவள் மில் வாசலில் ஒரு நாற்காலி போட்டாள். வெள்ளியங்கிரியின் பழைய நைலான் ஜெர்க்கின் வந்தது, கல்யாணத்துக்குத் தைத்த சபாரி வந்தது, அதெல்லாம் எப்போதோ அவளே தூக்கிப்போட்டவை, வீட்டுக்குள் அனுப்பினாள். ஒரு மத்தியானம், மிளகாய் அரைக்க வந்த பெண்கள் தும்மிக்கொண்டிருந்தபோது, ஒரு சாம்பல் நிறப் பேண்ட் வீதியில் தனியாக வந்தது. இடுப்பில் ரெக்சின் பெல்ட், இடது கால் சற்று வெளியே திரும்பி. வாலிபத்தில் டிராக்டரிலிருந்து விழுந்ததிலிருந்து வெள்ளியங்கிரியின் இடது கால் அப்படித்தான் திரும்பும். அவன் போன அன்று போட்டிருந்த பேண்ட் அது.

தும்மல் எல்லாம் நின்றது. பேண்ட் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. கோகிலவாணி அதன் பின்னால் வீதியைப் பார்த்தாள், வேறு எதுவும் வரவில்லை.

"சட்டை எங்கீங்க?" என்று பேண்டிடம் கேட்டாள்.

அன்று சாயங்காலமே மாரப்பன் வந்துவிட்டான். பேண்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவார்கள்.

"நங்கை, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"பேண்டைக் கழட்டிப் போட்டுட்டுக் கரையேறியிருக்கலாம். வெள்ளத்துல நீந்தறவிய அப்படித்தான் பண்ணுவாங்க."

"பண்ணியிருந்தா இத்தனை வருசம் எங்க இருப்பாங்க? வேட்டி கட்டிக்கிட்டு வேற ஊர்ல குடும்பம் நடத்தறாங்களா?"

"நடத்தட்டும். அப்படியாவது இருக்கட்டும்."

மாரப்பனின் மகள் மிருதுளாவுக்கு நல்ல இடம் அமைந்திருந்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார், பெரிய வீட்டில் முடிக்காத காரியம் ஒன்று இருக்க, மணவறை போடக்கூடாது, அதை முடித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கோகிலவாணிக்கும் தெரியும். குழந்தையில்லாத அவர்கள் வீட்டில் பாதி நாள் வளர்ந்தவள் மிருதுளா.

"சட்டை வரட்டும் மாரப்பா. சட்டையும் வந்துட்டா நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

"அந்தத் துணி வராதுங்க நங்கை" என்றான் மாரப்பன். குரலில் கோபம் இல்லை. எதிர்க்கடை போர்டை இருவரும் பார்க்காமல் இருந்தார்கள்.

பேண்ட் நாற்காலியிலேயே இருந்தது. மாவு அரைக்க வருகிறவர்கள், "நல்லா இருக்கீங்களா?" என்று அதைக் கேட்டுவிட்டுப் பாத்திரத்தை வரிசையில் வைத்தார்கள். மில் பூனை ஒன்று அதன் மடியில் தூங்கப் பழகியது. கோகிலவாணி சாயங்காலம் மாவைத் தட்டிவிட்டு, அதைக் கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போவாள். கையில்லாததால் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வாள்.

ஒருநாள் மில்லை நிறுத்திவிட்டு எதிர்க்கடைக்குப் போனாள். அருள்ஜோதி எழுந்து நின்றான்.

"ஜோதி, அந்தப் போர்டை எறக்கு."

"ஏனுங்க்கா, போர்டு என்ன பண்ணுச்சு?"

"தெனமும் மில்லைத் தொறந்தா அதுதான் மொதல்ல கண்ணுல படுது."

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஏணியை எடுக்கப் போனான். அவள் நிறுத்தினாள்.

"அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், யாவாரத்துக்குச் சொல்லாம நெசமாச் சொல்லு. அந்தத் துணி ஆத்துல போனா என்ன ஆகும்?"

அருள்ஜோதி அடுக்கிலிருந்த ஒரு துணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னான். "ஊறுமுங்க. அது ஆளிச் செடித் தண்டுல இருந்து எடுக்கற நாருங்க்கா. வெட்டுன செடியை ஈரத்துல போட்டு, அழுக உட்டுத்தான் நாரைப் பிரிப்பாங்களாமா. அழுகறது அதுக்குப் புதுசில்லீங்க."

"சேத்துல கெடந்தா?"

"மண்ணோட மண்ணாப் போயிருமுங்க. மீன் தின்னாலும் மீனுக்கு ஒண்ணும் ஆகாது, மாடு தின்னாலும் மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஒண்ணுமே மிஞ்சாதுங்க. அதுதானுங்க அதோட பெருமை."

"பெருமை" என்று கோகிலவாணி திருப்பிச் சொன்னாள். மேசைமேல் விரித்திருந்த துணியில் விரலை வைத்தாள். அதே குளிர்ச்சி. "நல்ல துணின்னு நெனச்சுத்தான் ஜோதி எடுத்துக் குடுத்தேன்."

"நல்ல துணிதானுங்க்கா" என்றான் அவன்.

மறுநாள் போர்டு கடையின் பக்கச் சுவரில், பஸ் ஸ்டாண்டைப் பார்த்துத் தொங்கியது. ஆனால் கோகிலவாணிக்கு அதனால் தூக்கம் வந்துவிடவில்லை. மூழ்கிப்போன ஒருவர் வீட்டுக்கு அவருடைய சட்டை வந்து சாட்சி சொன்னது. ஓடிப்போன ஒருத்தி வீட்டுக்கு அவள் புடவை வராமலிருந்து, அவள் எங்கோ அதை உடுத்திக்கொண்டு நன்றாக இருக்கிறாள் என்று சாட்சி சொன்னது. கோகிலவாணி பார்த்துப் பார்த்து எடுத்துக்கொடுத்த துணி மட்டும், வந்தாலும் வராவிட்டாலும் எதையும் சொல்ல முடியாத துணியாக இருந்தது. மலிவான துணியாக எடுத்திருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும் என்று நினைப்பாள். உடனே வேர்க்குரு பொரிந்த முதுகு நினைவுக்கு வரும், அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வைதுகொள்வாள்.

மிருதுளா ஒருநாள் வந்து பேண்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, அப்பா சொன்னாங்கன்னு நீங்க எதுவும் பண்ண வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காத்திருந்தா காத்திருக்கட்டும். இல்லாட்டி வேற எடம் பாக்கட்டும்."

"உனக்கு அந்தப் பையனைப் புடிச்சிருக்குதா?"

மிருதுளா பூனையைத் தடவினாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூடக் கோகிலவாணிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தீபாவளி நெருங்கியது. முறுக்குக்குப் பச்சரிசி அரைக்கும் கூட்டம் வாசல்வரை நின்றது. இயந்திரம் காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஓடி, மில்லுக்குள் காற்றே வெள்ளையாக இருந்தது. பெண்களின் புருவமும் பூனையின் மீசையும் நரைத்திருந்தன. அப்போது வாசல் பக்கம் நின்றவர்கள் ஏதோ முகத்தில் சிலந்திவலை பட்டதுபோலத் துடைத்துக்கொண்டு விலகினார்கள். என்ன என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் பார்க்கும்படி ஒன்றும் இல்லை. நாலைந்து பொத்தான்கள் மட்டும், ஒன்றன் கீழ் ஒன்றாக, நெஞ்சு உயரத்தில் காற்றில் நகர்ந்து வந்தன.

அவை மில்லின் நடுவுக்கு வந்து நின்றன. பறக்கிற மாவு மெல்ல மெல்ல அவற்றைச் சுற்றிப் படிந்தது. படியப் படிய, கோலத்தில் இழை இழுப்பதுபோல ஒரு கோடு தெரிந்தது. கழுத்துப்பட்டை, இரண்டு தோள், கை இணைந்த வட்டம், பாக்கெட்டின் சதுரம், கீழே மடித்துத் தைத்த விளிம்பு. ஒரு சட்டையின் தையல். தையல் மட்டும். துணி ஆற்றோடு மண்ணாகப் போய்விட்டது. தைத்த நூல் பாலியஸ்டர், அது போகவில்லை, அதற்குப் போகத் தெரியவில்லை. எடை இல்லாததால் காற்று தள்ளிய பக்கமெல்லாம் அலைந்து, சீமைக்கருவேல முள்ளில் சிக்கிச் சிக்கி விடுபட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து சேர்ந்திருந்தது. மூன்றாவது பொத்தான் மட்டும் தடித்த மூட்டை நூலில் இருந்தது. அது ஒருநாள் அறுந்து விழுந்தபோது, அவசரத்துக்கு மாவுமூட்டை தைக்கிற நூலை எடுத்து, அவன் போட்டிருக்கும்போதே, அசையாமல் நில்லுங்கள் என்று அதட்டிக்கொண்டு கோகிலவாணி தைத்தது.

நாற்காலியிலிருந்த பேண்ட் எழுந்தது. பூனை குதித்து ஓடியது. நூல்சட்டை பேண்டின் மேல் வந்து பொருந்தி நின்றது, இடது கால் வெளியே திரும்ப, வலது கை இயந்திரத்தின் பக்கம் நீள, இத்தனை வருசத்துக்குப் பிறகு வெள்ளியங்கிரி முழு ஆளாக அவன் மில்லுக்குள் நின்றான். அவன் நெஞ்சு வழியாகப் பின்சுவரின் சுவிட்சு பெட்டி தெரிந்தது. தோள் வழியாக ஒட்டடை தெரிந்தது.

கோகிலவாணி கிட்டே போனாள். பாக்கெட் இருந்த சதுரத்துக்குள் கையை வைத்தாள். கை அந்தப் பக்கம் போய்விட்டது.

இயந்திரத்தை நிறுத்தினாள். பட்டை தட்டித் தட்டி ஓய்ந்தது.

"ஏனுங்க" என்று கூப்பிட்டாள். அவனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "ஏனுங்க, உள்ள நீங்க இல்லீங்களே" என்றாள்.

வரிசையில் நின்றவர்களில் யாரோ ஒருத்தி முதலில் அழுதாள். பிறகு பாத்திரங்களை இறக்கி வைக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கோகிலவாணி மாவுத் தரையில் உட்கார்ந்தாள், இரண்டு பெண்கள் வந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவளைச் சாய்த்துக்கொண்டார்கள். அவள் அழுகை வெகுநாள் பெய்யாமல் நின்றிருந்த மழைபோலப் பொழிந்தது. நூலும் பேண்டும் அசையாமல் நின்றன. எல்லாம் அடங்கிய பிறகு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாரப்பனை வரச் சொல்லுங்க" என்றாள்.

கருமாதியை ஆற்றங்கரையில் செய்தார்கள். உடம்பு இல்லையே எதை வைத்துச் செய்வது என்று ஐயர் கேட்டபோது, மாரப்பன் குனிந்து கரையோரத்து வண்டலில் ஒரு பிடி அள்ளி இலையில் வைத்தான். அதில் அண்ணனும் இருக்கலாம், அண்ணனின் சட்டையும் இருக்கலாம், இரண்டும் இப்போது பிரித்துப் பார்க்க முடியாத மண். ஐயரும் அதை ஒத்துக்கொண்டார். பேண்டும் நூல்சட்டையும் சற்றுத் தள்ளி, வெளியூரிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்போல நின்று பார்த்தன.

தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளைக்குப் பெண்ணின் பெரியப்பா வீட்டார்தான் சட்டை எடுத்துக் கொடுப்பது முறை. கோகிலவாணி எதிர்க்கடைக்குப் போய் எல்லாத் துணிக்கட்டையும் இறக்கச் சொல்லித் தொட்டுத் தொட்டுப் பார்த்து, சந்தன நிறத்தில் ஒன்று எடுத்தாள். நூல்சட்டை வந்த பிறகு ஊர் இன்னொன்றும் கற்றிருந்தது, அருள்ஜோதி கேட்டான், "தையலும் பருத்தி நூல்லயே போடச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம். நூல் நான் தர்றேன்."

அன்று மத்தியானம் நூல்சட்டையை எதிரே உட்கார வைத்து, கத்தரிக்கோல் முனையால் பிரித்தாள். அது கையை நீட்டச் சொன்னால் நீட்டியது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை, தோளிலிருந்து விளிம்புவரை இழுத்து இழுத்து ஒரு கட்டையில் சுற்றினாள். கடைசியில் கழுத்துப்பட்டை மட்டும் கொஞ்ச நேரம் காற்றில் இருந்தது. அதையும் பிரித்தபோது மடியில் பொத்தான்கள் விழுந்தன.

மாரப்பனுக்கு இது பிடிக்கவில்லை. "நங்கை, செத்தவிய நூலுங்க. கல்யாணச் சட்டைக்கு..."

"நூலு சாகலையே மாரப்பா. மக்காததைத் தூக்கிப் போட்டா நாளைக்கு மறுபடியும் வாசல்ல வந்து நிக்கும். அதுக்கு ஒரு வேலை குடுக்கறதுதான் நல்லது."

மாப்பிள்ளையைக் கேட்டார்கள். அவன் கொஞ்சம் யோசித்து, "வேர்க்காம இருந்தாச் சரிங்க" என்றான். மிருதுளாவுக்கு அவனை ஏன் பிடித்தது என்று கோகிலவாணிக்கு அப்போது தெரிந்தது.

முகூர்த்தம் முடிந்தபோது மாப்பிள்ளைச் சட்டை மணவறையில் உட்கார்ந்து எழுந்ததில் நன்றாகவே கசங்கியிருந்தது. வெளியூரிலிருந்து வந்த போட்டோகிராபர், சட்டையை ஒருமுறை தேய்த்துப் போட்டுக்கொண்டு வர முடியுமா என்று கேட்டார். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பக்கமும் சிரித்தார்கள், அவருக்கு ஏனென்று தெரியவில்லை. குடும்பப் படம் எடுக்க எல்லோரும் மேடையேறினார்கள். கோகிலவாணி தூணோரம் நின்றாள். மங்களமான இடத்தில் தான் எதற்கு என்று அவள் நினைத்தாள், அவளைப் பார்க்காததுபோல இருந்த சிலரும் அதையேதான் நினைத்தார்கள். மிருதுளா மாலையோடு இறங்கி வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்துப் போனாள். பேண்டும் பின்னாலேயே ஏறி அவள் பக்கத்தில் நின்றது.

போட்டோகிராபர் காமிராவிலிருந்து தலையைத் தூக்கினார். "அந்தப் பேண்ட் நிக்கோணுமுங்களா?"

"நிக்கட்டும்" என்றான் மாப்பிள்ளை.

"நின்னா மேல காலியாத் தெரியுதுங்க. ஆராவது ஒருத்தர் பின்னால வந்து நின்னா எடம் நெறையும்."

மாப்பிள்ளையின் மாமா ஒருவர் உதவியாக நகர்ந்து வந்தார். கோகிலவாணி கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

"அங்க ஆரும் வேண்டாமுங்க. அப்படியே எடுங்க" என்றாள், சொல்லிவிட்டு, தானும் அரை அடி தள்ளி, ஒரு ஆளின் தோள் அகலத்துக்கு இடம் விட்டு நின்றாள்.